காராக் மலையும் கறுப்புப் பெயின்ட்டும்: பஸ் ரேடியேட்டரில் நாங்கள் ஏமாந்தது

பழைய பஸ்ஸை வாங்கி உள்ளே கட்டில், அடுப்பு வைத்து ஓட்டுபவர்கள், அப்படி ஓட்ட ஆசைப்படுபவர்கள், எஞ்சின் சூடு பிரச்சினைக்குப் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு 4,600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போனது.

எங்கள் பஸ் ஒரு பழைய ஹினோ. சுற்றுலாக் கம்பெனியில் ஓடி ஓய்ந்தது. எஞ்சின் பின்னால், எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் பின்பக்க ஓரத்தில். சித்தப்பாவும் நானும் சீட்டுகளைக் கழற்றிவிட்டு நான்கு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தோம். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போய் பஸ்ஸிலேயே இரண்டு இரவு தங்க வேண்டும், அதுதான் அவர் ஆசை.

கோலாலம்பூரிலிருந்து மாரான் போக காராக் நெடுஞ்சாலையில் ஏறியாக வேண்டும். கோம்பாக் டோலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சூடு காட்டும் முள் நகர ஆரம்பிக்கும். கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். இரண்டு முறை சோதனைக்குப் போனோம். இரண்டு முறையும் ஓரத்தில் நிறுத்திவிட்டு, லோரிகள் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நகரின் வடக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையைச் சொன்னார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. அங்கிருந்த போமன் (மெக்கானிக்) பின்கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "என்ன அண்ணே, வீடே கட்டிட்டீங்க. இந்த வெயிட்ட பழைய ரேடியேட்டர் தாங்குமா? பெரிய கோர் போட்டாத்தான் சரிவரும்" என்றார். (கோர் என்பது ரேடியேட்டரின் நடுப்பகுதி, தண்ணீர் ஓடும் குழாய்கள் வரிசை வரிசையாக இருக்கும்.) நானும் தலையாட்டினேன்.

கணக்கை அங்கேயே போட்டிருக்க வேண்டும். 40 பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 2,600 கிலோ. எங்கள் கட்டில், தண்ணீர், ஆறு பேர் எல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதிதான் வரும். முழு ஆளோடு இதே ரேடியேட்டரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் ஓடிய பஸ் இது. அப்படியென்றால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது எது என்று அவரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.

ரசீதில் இருந்தது இது: புது கோர் 5 வரிசை 3,400. மின்விசிறி இரண்டு 700. கூலி 500. தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றிப் போட்டது இலவசம். "தண்ணி ஃப்ரீயா ஓடட்டும் அண்ணே" என்றார். ரேடியேட்டர் கறுகறுவென்று புதிதாக மின்னியது. பழைய கோர் எங்கே என்று கேட்டதற்கு, இரும்புக்கடைக்குப் போய்விட்டது என்றார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மலை. இந்த முறை முன்பு நின்ற இடம் வரைகூடப் போகவில்லை. திரும்பி வந்து கேட்டால், எஞ்சினே தேய்ந்துவிட்டது, ஓவர்ஹால் செய்ய 12,000 ஆகும் என்கிறார். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழும், பதில் வராது.

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு டார்ச் லைட்டும் சட்டைப்பையில் டிஷ்யூ பேப்பரும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறிகளைப் போடச் சொல்லி, பக்கவாட்டுக் கம்பிச் சட்டத்தில் டிஷ்யூவைப் பிடித்தார். எங்கள் பஸ்ஸில் காற்று வெளியிலிருந்து ரேடியேட்டர் வழியாக உள்ளே போக வேண்டும், பேப்பர் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது எங்கள் முகத்தைப் பார்த்துப் படபடவென்று அடித்தது. இரண்டு மின்விசிறிக்கும் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினின் பெரிய விசிறி உள்ளே இழுக்கிறது, 700 வெள்ளி விசிறிகள் வெளியே தள்ளுகின்றன.

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தோம். (சூட்டில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.) திறந்து டார்ச் அடித்தால் மேல் தொட்டியின் அடியில் குழாய்களின் வாய் தெரிகிறது. "எண்ணிப் பார் தம்பி" என்றார். நான்கு வரிசை. அதிலும் பாதி வாய்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவு. பிறகு ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் தோலாக உரிந்தது. அடியில் பச்சை பிடித்த பழைய ஈயப்பற்று. பித்தளைத் தொட்டியை அவர்கள் கழற்றவே இல்லை, அதாவது கோரை மாற்றவே இல்லை.

தெர்மோஸ்டாட் கதை இன்னும் மோசம். எங்கள் எஞ்சினில் அதன் அடியில் ஒரு தட்டு இருக்கும். 82 டிகிரியில் மேல்பக்கம் திறக்கத் தொடங்கும்போது, அந்தத் தட்டு இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எந்நேரமும் திறந்தே கிடக்கும். கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். எடுத்துவிட்டால் குளிரும் என்று நம்பும் போமன்கள் இன்னும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. 0.9 பார் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே பொங்கிவிடும். ஒரு மூடியின் விலை என்ன பெரிய விலை!

எங்கள் மேலும் தப்பு உண்டு. தண்ணீர்த் தொட்டிக்கு இடம் பண்ணும்போது ரேடியேட்டருக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் இருந்த ரப்பர்ப் பட்டையைத் தேவையில்லாதது என்று பிய்த்துப் போட்டது நான்தான். அந்த இடைவெளி வழியாக எஞ்சின் அறையின் சூடான காற்றே சுற்றிச் சுற்றி ரேடியேட்டருக்குள் போயிருக்கிறது. தகடுகளுக்கு நடுவே எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்திருந்தது வேறு.

பெரியவர் சொன்ன ஒரு சின்னக் கடையில் நிஜமாகவே கோர் மாற்றினோம், அதே நான்கு வரிசை. 1,900 வெள்ளி. தொட்டியை ஈயம் வைத்து ஒட்டும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள், பழைய கோரையும் கையில் கொடுத்தார்கள். புது தெர்மோஸ்டாட், புது மூடி, கூலன்ட் பாதி தண்ணீர் பாதி. ரப்பர்ப் பட்டையை நானே ஒட்டினேன். மின்விசிறிகளைக் கழற்றிவிட்டோம். இப்போது சுரங்கப்பாதை வரை முள் பாதியைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் பங்குனி உத்திரம் போய்விட்டது. சித்தப்பா பால்குடத்தோடு அத்தை மகன் காரில்தான் மாரான் போனார்.

பயனீட்டாளர் (நுகர்வோர்) தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவோடு, பெயின்ட் உரிந்த இடத்தின் படம், டிஷ்யூ பறக்கும் வீடியோ, கழற்றிய பழைய கோர், அப்புறம் "புது கோர் 5 வரிசை" என்று அந்த போமன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த ரசீது.