மூன்று கவர், ஒரே எழுத்துப்பிழை: ஆறு வார வகுப்பு எனக்கு என்ன தந்தது?

கொள்முதல் பிரிவில் பத்தொன்பது வருடம் டெண்டர் கவர் பிரித்தவள் நான். ஒருமுறை மூன்று கம்பெனிகளின் விலைப்புள்ளியிலும் ஒரே எழுத்துப்பிழை. கூடிப்பேசி விலை போட்ட சிண்டிகேட் என்று புரிந்தது. எந்தச் சட்டப்படி, யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. வளரும் நாடுகளில் போட்டிச் சட்டத்தை, அதாவது கம்பெனிகள் இப்படிக் கூட்டுச் சேர்ந்து சந்தைப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டத்தை, கொண்டுவருவது பற்றிய இந்த ஆறு வார இணைய வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தது அதனால்தான்.

முதல் இரண்டு வாரமும் வரலாறு. அமெரிக்காவின் 1890 ஷெர்மன் சட்டம், 1980-ன் ஐ.நா. போட்டிக் கோட்பாடுகள் என்று ஆண்டுக்கணக்கு, ஓட்டிவிட்டுப் பார்க்கலாம். இந்தியா பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2002-ல் நிறைவேறிய போட்டிச் சட்டம் வழக்கில் சிக்கி, 2007-ல் திருத்தப்பட்டு, கார்டெல் (விலைக் கூட்டணி) தடை அமலுக்கு வர 2009 மே மாதம் ஆகிவிட்டது. நிறுவன இணைப்புகளுக்கான பிரிவுகள் வர இன்னும் இரண்டு வருடம்.

நான்காம் வாரத்துக்காகவே கட்டணம் கொடுக்கலாம். தென்னாப்பிரிக்க ரொட்டி வழக்கு. 2006 கடைசியில் பெரிய பேக்கரிகள் ஒரே நேரத்தில் விலையை ஏற்றி, விநியோகஸ்தர்களுக்கான தள்ளுபடியையும் குறைத்தன. அந்தச் சிறு விநியோகஸ்தர்கள்தான் புகார் கொடுத்தார்கள். விசாரணை தொடங்கியதும் அந்தப் பேக்கரிகளில் ஒன்றான பிரீமியர் நிறுவனம் அப்ரூவர் மாதிரி முன்வந்து ஒப்புக்கொண்டு அபராதத்திலிருந்து தப்பியது. டைகர் பிராண்ட்ஸ் சமரசம் செய்துகொண்டு சுமார் 9.9 கோடி ரேண்ட் கட்டியது. மறுத்து வழக்காடிய பயனியருக்கு 2010-ல் 19.5 கோடி ரேண்டுக்கு மேல் அபராதம். ஏழை வீட்டுச் சாப்பாட்டில் கைவைத்தவர்களை ஒரு இளம் போட்டி ஆணையம் பிடித்த கதையை ஆசிரியை ஆவணம் ஆவணமாகப் பிரித்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை ஆறாம் வாரத்தில். ஆணையத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், சோதனைக்குப் போகும் அதிகாரியை யார் பழக்குவார்கள் என்பதெல்லாம் நாற்பதே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இல்லாத நாட்டில் எவரும் அப்ரூவராக வரமாட்டார். புதிதாகத் தொடங்கும் நாடுகளுக்கு இதுதான் பெரிய சிக்கல். இரண்டு வாரமாவது வேண்டும்.

நேரலையில் என் மூன்று கவர் பற்றிக் கேட்டேன். "எழுத்துப்பிழை மட்டும் போதாது. தோற்றவர் பிறகு ஜெயித்தவரிடமே துணை ஒப்பந்தம் எடுத்தாரா, வேலை முறைவைத்துச் சுற்றி வந்ததா, பழைய கோப்புகளைப் பாருங்கள்" என்றார் ஆசிரியை. பார்த்தேன். இரண்டுமே இருந்தன. புகார் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.