பிரசர் இருக்கிறவருக்குத் தேங்காயைக் குறைத்தால் போதுமா, கொலஸ்ட்ரோல் மாத்திரையும் வேண்டுமா?

கொட்டகலையில் எங்கள் லயத்துக் காம்பராவின் ஜன்னலோரம் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. அம்மாவின் பிரசர் மாத்திரைகள் அதில்தான். போன வருஷம் கிளினிக்கில் டொக்டர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரையும் எழுதித் தந்தார். மொத்தக் கொலஸ்ட்ரோல் 208. "200க்குக் கிட்டத்தானே இருக்கு, இதுக்குப் போய் மாத்திரையா? தேங்காயைக் குறைச்சிக்கிறேன்" என்றார் அம்மா. முதலில் நானும் அம்மா பக்கம்தான்.

பத்தியத்தைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். எங்கள் வீட்டில் காலை ரொட்டிக்கு அரைத் தேங்காய் போகும், மற்றப் பாதி சம்பலுக்கு. தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். கருவாடு வேறு கணக்கு: அதன் உப்பு பிரசரை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு என்கிறது. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அது எங்கே நிற்கும்? ஆனால் சாப்பாட்டை மாற்றினால் கெட்ட கொலஸ்ட்ரோல் பத்து வீதம், மிஞ்சினால் பதினைந்து வீதம் குறையும். அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிடும்.

சரி, எண் குறைந்தால் மாரடைப்பும் குறையுமா? பிரசர் உள்ள, கூடவே வேறு மூன்று ஆபத்துக் காரணிகளாவது உள்ள 10,305 பேரை வைத்து ஐரோப்பாவில் செய்த அஸ்கொட் ஆய்வு இதைத்தான் பார்த்தது. யாருக்கும் கொலஸ்ட்ரோல் 250ஐத் தாண்டவில்லை, நம் கண்ணுக்கு 'பரவாயில்லை' என்கிற எண்கள்தான். முடிவு 2003இல் வந்தது. ஏறக்குறைய மூன்றேகால் வருஷத்தில், மாரடைப்பும் இதய நோய் மரணமும் அட்டோர்வாஸ்டாடின் எடுத்தவர்களில் 100, மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 154. நூறு பேருக்கு ஒருவர் தப்புகிறார். சின்னக் கணக்காகத் தெரியலாம், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இல்லாதவரை.

பிரசர் மாத்திரை மட்டும் போதுமா என்பதற்கு 2016இல் வந்த ஹோப்-3 என்ற ஆய்வு பதில் சொல்கிறது. இதய நோய் இல்லாத, நடுத்தர ஆபத்துள்ள 12,705 பேர். அதில் பிரசர் மாத்திரை உதவியது மேல் எண் 143க்கு மேல் இருந்தவர்களுக்குத்தான். அட்டோர்வாஸ்டாடின் வகையைச் சேர்ந்த இன்னொரு மாத்திரையான ரோசுவாஸ்டாடினோ பிரசர் கூடியவருக்கும் குறைந்தவருக்கும் ஒரேபோல உதவியது. அம்மாவுக்கு மேல் எண் 160ஐத் தொட்டிருந்தது, அதனால் இரண்டும் தேவை. பிரசரில் இரத்தக் குழாயின் உட்சுவர் அடிபடுகிறது, அடிபட்ட இடத்தில்தான் கொழுப்பும் படிகிறது.

டொக்டர் 208ஐ மட்டும் பார்த்து எழுதவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வயது 63, பிரசர், 52 வயதில் மாரடைப்பில் போன அம்மாவின் அண்ணன், எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இதே 208 முப்பது வயதுப் பிள்ளைக்கு, பிரசரும் இல்லை என்றால், நானும் பத்தியம் போதும் என்றுதான் சொல்வேன்.

மாத்திரையிலும் சங்கடம் உண்டு. சிலருக்குத் தசை வலிக்கும், சீனி கொஞ்சம் ஏறலாம். வலி வந்தால் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள்.

இப்போது டின்னில் இரண்டு வகை அட்டைகள். ரொட்டிக்குக் கால் தேங்காய், சம்பல் ஞாயிற்றுக்கிழமை மட்டும். கருவாட்டை மட்டும் அம்மா இன்னும் விடவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவித்தான் சட்டியில் போடுகிறார்.