ஈரப்பலாவைக் காக்க: மரமா, குழியா, வெயிலா?

ஈரப்பலா என்கிற சீமைப்பலா, பருவத்தில் ஊரே தின்றாலும் தீராத அளவுக்குக் காய்க்கும். பறித்த காயோ இரண்டு மூன்று நாளில் பழுத்துக் குழைந்துவிடும். அடுத்த பருவம் வரை என்ன செய்வது?

பசிபிக் கடலின் தீவு நாடான சமோவாவில் மரத்தை வைத்தே பாதி சமாளிக்கிறார்கள். பல ரகங்களைக் கலந்து நட்டால் ஒன்று ஓயும்போது மற்றொன்று காய்க்கும். பெரும்பாலானவை விதையில்லாதவை என்பதால் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்து நடுவார்கள். ருசியில் இந்த வழியை அடித்துக்கொள்ள முடியாது. அன்றைக்குப் பறித்ததைத் தோல் கருக நெருப்பில் சுட்டால் மாவு மாவாக வரும். ஆனால் புயல் அடித்தால் எல்லா ரகமும் ஒரே இரவில் தரையில் கிடக்கும். 1990இல் ஓஃபா, 1991இல் வால் என அடுத்தடுத்து இரண்டு புயல்களைப் பார்த்த நாடு அது.

அங்கேதான் குழி கைகொடுக்கிறது. இப்படிக் குழியில் புளிக்கவைத்ததைச் சமோவாவில் 'மசி' என்பார்கள், அதே பசிபிக்கில் உள்ள மார்க்கேசஸ் தீவுகளில் 'மா' என்பார்கள். காயைத் தோல் சீவி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, இலை பரப்பிய குழியில் நெருக்கி அடுக்கி, மேலே இலை மூடிக் கல் வைப்பார்கள். காற்றுப் புகாத இடத்தில் லாக்டிக் அமிலம் ஊறிப் புளிப்பேறும். அந்தப் புளிப்பே அழுகாமல் காக்கும். அவ்வப்போது பழைய இலையை மாற்றிக்கொண்டால் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நிற்கும். வாடை பலமானது, பழகாதவர்கள் முகம் சுளிப்பார்கள். அப்புறம் அதைத் தேங்காய்ப்பாலில் பிசைந்து இலையில் பொதிந்து சுடுகல் அடுப்பில் வேகவைக்கலாம். மார்க்கேசஸ்காரர்கள் புதிதாகச் சுட்ட காயோடு சேர்த்துக் கல் குழவியால் இடித்துப் போப்போயி செய்வார்கள். நீண்ட வறட்சிகள் தாக்கும் தீவுகள் அவை. ஊருக்கே பொதுவாகப் பெரிய குழிகள் வெட்டியதில் ஆச்சரியமில்லை.

வெயிலில் உலர்த்துவது பக்கத்து மைக்ரோனீசியாவின் மார்ஷல் தீவுகளில் உண்டு. கனம் குறைவு, படகில் கொண்டுபோக வசதி. ஆனால் மழை அதிகமான மலைத்தீவுகளில் இதை நம்ப முடியாது.

இன்றைக்கு ஃப்ரீசர் இருக்கிறதே என்று கேட்கலாம். சரிதான், சுவையும் கெடாது. புயலில் மின்சாரம் போனால் அதுவும் போச்சு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் ஓட்டு குழிக்கே: அதற்கு வேண்டியது இலை, கல், கத்தி. புயலில் உதிர்ந்த முற்றாத காயைக்கூட மறுநாளே உள்ளே போட்டு மூடிவிடலாம்.