போஸ்டிங்கில் நின்றுபோன பட்ச்: ரிகவரியா, ஸ்கிரிப்டா, பெக்கப்பா?

மைக்ரோசொஃப்டின் கணக்கியல் மென்பொருளான டைனமிக்ஸ் ஜீ.பி.யில் ஒரு பட்ச், அதாவது ஒன்றாகச் சேர்த்துப் பேரேட்டில் ஏற்றும் பதிவுகளின் தொகுதி, ‘போஸ்டிங்’ (ஏற்றப்படுகிறது) என்று காட்டியபடியே நின்றுவிட்டால் அதைத் திறக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வற் (பெறுமதி சேர் வரி) பணத்தை அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்குரிய இன்வொய்ஸ்களோ அந்தப் பட்சுக்குள்ளேதான் கிடக்கும். இந்த அவசரத்தில் பல அலுவலகங்கள் முதலில் கையில் எடுப்பது, தரவுத்தளத்தை நேரடியாக மாற்றும் கட்டளையான எஸ்.கியூ.எல். ஸ்கிரிப்டை. என்னைக் கேட்டால், அது இரண்டாவதாக வர வேண்டிய வழி.

ஏன் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஜீ.பி.யில் போஸ்டிங் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது சேர்வர் அல்ல, பட்சைப் போஸ்ட் செய்தவரின் கணினி. நடுவழியில் அந்தக் கணினிக்குக் கரண்ட் போனாலோ நெட்வேர்க் அறுந்தாலோ வேலை பாதியில் விடுபடும். 2022 மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு கொழும்பில் கணினிக்கு யூ.பி.எஸ். வைத்த அலுவலகங்கள் பல. ஆனால் நெட்வேர்க் சுவிட்சுக்கும் ஒன்று வைக்காவிட்டால் பயன் பாதிதான். வைஃபையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு போஸ்ட் செய்வதும் இதே ஆபத்துத்தான். ரிமோட் டெஸ்க்டொப் வழியாக சேர்வரிலேயே ஜீ.பி.யை ஓடவிட்டால், இந்தப் பக்கம் இணைப்பு அறுந்தாலும் அந்தப் பக்கம் போஸ்டிங் நடந்துகொண்டிருக்கும்.

அப்படி விடுபட்டபின் இரண்டு விஷயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, பட்சின் தலைப்பில் ஒட்டியிருக்கும் நிலைக்குறி. மற்றது, உள்ளே இருக்கும் பதிவுகள். அவற்றில் எத்தனை பேரேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன, எத்தனை பின்தங்கின என்பது வெளியே தெரியாது. எந்த வழியை எடுப்பது என்பதை இந்த இரண்டாவது விஷயம்தான் தீர்மானிக்க வேண்டும்.

‘பட்ச் ரிகவரி’ மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் வழி. டூல்ஸ், ரூட்டீன்ஸ் என்று போனால் கிடைக்கும். நின்றுபோன பட்சைக் குறியிட்டு ‘கன்டினியூ’ அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால் தொடரும். முடியாவிட்டால் திருத்துவதற்காக நம்மிடம் திருப்பித் தரும். பதிவுகள் எந்தக் கட்டத்தில் நின்றன என்பதை மென்பொருளே பார்த்து முடிவெடுப்பது இதில் மட்டும்தான். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் ‘புரொசெஸ் மொனிட்டர்’ திரையைப் பாருங்கள். பெரிய பட்சாக இருந்தால் அது நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். ரிகவரியின் குறை, எல்லாப் பட்சும் அதன் பட்டியலில் வராது என்பதுதான். “அண்ணா, ரிகவரியில ஒண்டும் காட்டேல்லையே” என்று கணக்குப் பிரிவிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போதுதான் ஸ்கிரிப்டின் முறை வருகிறது.

ஸ்கிரிப்ட் செய்வது மிகச் சிறிய வேலை. எஸ்.வை.00500 என்ற அட்டவணையில் அந்தப் பட்சின் வரியில் இருக்கும் நிலைக்குறியையும், போஸ்டிங்குக்குக் குறித்த அடையாளத்தையும் பூச்சியமாக்கும். அவ்வளவுதான். பட்ச் மறுபடி திறக்கும், எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் உள்ளே பாதி போஸ்ட் ஆகியிருந்தால் அதை ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது. அப்படியே மீண்டும் போஸ்ட் செய்தால் ஒரே பதிவு இரண்டு முறை பேரேட்டில் ஏறக்கூடும். 18 வீத வற் சேர்ந்த இன்வொய்ஸ் இரட்டித்தால் கணக்கும் பிழை, வரி அறிக்கையும் பிழை.

ஆகவே ஸ்கிரிப்டுக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். பொதுப் பேரேட்டுப் பட்ச் என்றால் ஜீ.எல்.10000, ஜீ.எல்.20000 ஆகிய இரண்டு அட்டவணைகளிலும் ஒரே ஜேர்னல் இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது போஸ்ட் ஆகாதவற்றுக்கு, இரண்டாவது நடப்பு ஆண்டில் போஸ்ட் ஆனவற்றுக்கு. கொடுப்பனவுப் பகுதியில் இதே சோடி பீ.எம்.10000, பீ.எம்.20000. இரண்டிலும் ஒரே ஆவணம் இருந்தால் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் இரட்டிக்கவில்லை என்றால், பெக்கப் எடுத்தபின் ஓட்டலாம். எந்தப் பட்ச் என்ற நிபந்தனையை எழுத மறந்து ஓட்டினால் அந்தக் கொம்பனியின் எல்லாப் பட்சுகளின் நிலையும் மாறிவிடும். அதனால் மாற்றும் கட்டளைக்கு முன், அதே நிபந்தனையுடன் பார்க்கும் கட்டளையை ஓட்டி ஒரே ஒரு வரி வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பட்ச் திறந்ததும் நேரே போஸ்டுக்குப் போகாமல், அதிலுள்ள பதிவுகளைக் காட்டும் எடிட் லிஸ்டை அச்சிட்டு மூல ஆவணங்களோடு ஒப்பிடுவதும் இந்த வழியின் ஒரு பகுதிதான்.

பூட்டுகளை அழிப்பது வேறு வேலை. யார் உள்ளே இருக்கிறார்கள், யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் அட்டவணைகள் தனியே உள்ளன. எல்லோரும் வெளியேறிய பிறகு அவற்றை வெறுமையாக்கலாம். ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது செய்தால் ஒரே பட்சை இருவர் திறக்க வழி பிறக்கும்.

பெக்கப்பை மீட்பதுதான் மிகச் சுத்தமான வழி, விலையும் அதற்கேற்ப அதிகம். பெக்கப் எடுத்த நேரத்துக்குப் பின் எல்லோரும் போட்ட பதிவுகளும் சேர்ந்தே போய்விடும். பதிவுகள் இரட்டித்திருந்து, அதன்பின் வேறு யாரும் எதையும் போடாமல் இருந்தால் மட்டும் இதற்கு நான் சம்மதிப்பேன். மற்ற நேரங்களில் அதே பெக்கப்பை ஜீ.பி.யில் சோதனைக்கென்று தனியே வைத்திருக்கும் ஒரு கொம்பனியில் மீட்டு, போஸ்டிங்குக்கு முன் எப்படி இருந்தது என்று நேரடிக் கொம்பனியோடு ஒப்பிடலாம். பலர் இதை யோசிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

பட்சை அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பது பத்துப் பதிவுகளுக்குச் சரி, ஐநூறுக்குச் சரிவராது.

மைக்ரோசொஃப்டின் புதிய கணக்கியல் மென்பொருளான பிஸ்னஸ் சென்ட்ரலில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அங்கே போஸ்டிங் சேர்வரில் நடக்கிறது, இடையில் பிழை வந்தால் முழுவதும் பின்வாங்கிவிடும். ஜீ.பி.க்கான தொழில்நுட்ப உதவியை 2029இல் நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்திருப்பதால், மாறுவது பற்றி யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

காசோலைப் பட்ச் மட்டும் இந்த ஒப்பீட்டுக்குள் முழுதாக அடங்காது. பிரிண்டரில் காசோலைகள் வந்தபின் பட்ச் நின்றால், தாள்கள் கையில் இருக்கும், மென்பொருளில் கொடுப்பனவு இருக்காது. நிலைக்குறியைப் பூச்சியமாக்கிவிட்டு மறுபடி அச்சிட்டால் ஒரே விநியோகத்தருக்கு இரண்டு காசோலைகள் போகலாம். அச்சான ஒவ்வொரு காசோலையின் இலக்கத்தையும் எழுதி, கையொப்பமிடக் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். பிறகு பட்ச் ரிகவரி வழியாகவே போங்கள். அது போஸ்ட் செய்வதா, ரத்துச் செய்வதா, மறுபடி அச்சிடுவதா என்று கேட்கும் திரைக்குக் கொண்டுவந்தால், கையில் இருக்கும் தாள்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரிகவரியிலும் அது வராவிட்டால், மென்பொருளைப் பராமரிக்கும் நிறுவனத்தை அழைத்துவிட்டு, அவர்கள் பார்க்கும்வரை அந்தப் பட்சை யாரும் தொடாமல் வைத்திருங்கள்.