வெயில் காலத்தில் ஆற்றங்கரை: கோலகங்சாரா, மலாக்காவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து நிதானமாகச் சுற்றிவர எங்கள் தேர்வு கோலகங்சார்தான். அரை மணி நேரப் பயணம். வெயில் ஏறுமுன் பேராக் ஆற்றோரம் நடந்துவிட்டு, 1917இல் கட்டி முடித்த உபுடியா பள்ளிவாசலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். அக்கரையில் சாயோங் கிராமம். அங்கே செய்யும் லாபு சாயோங் மண்குடுவையைச் சுடச்சுட உமியில் புதைப்பதால்தான் அந்தக் கறுப்பு. மண்ணில் கசியும் நீர் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரவைக்கும். பளபளவென்று வார்னிஷ் பூசியதை வாங்காதீர்கள். மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுவிடும், தண்ணீர் குளிராது.

மலாக்காவுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல், ஓரிரவு தங்கவேண்டும். சிவப்புக் கட்டடச் சதுக்கம் பகலில் கொதிக்கும். ஆற்றுப்படகில் இருட்டிய பின் ஏறுங்கள், முக்கால் மணி நேரச் சுற்று. ஜோங்கர் தெரு இரவுச்சந்தை வெள்ளி முதல் ஞாயிறுவரை நெரியும். அமைதி வேண்டுவோர் புதன்கிழமை போகலாம்.