ஏற்காட்டு வீட்டு ஜன்னலில் ஆறு வருடமாக அக்ரிலிக்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பலாமரம். காய்க்கும் காலத்தில் குரங்குக் கூட்டம் அங்கேதான் குடியிருக்கும். ஒரே வருடத்தில் பின்னறை ஜன்னல் கண்ணாடி மூன்று முறை உடைந்தது. மூன்றாம் முறை, பேத்தியின் தொட்டிலுக்குள் விரல் நீளச் சில்லு ஒன்று கிடந்தது. அன்றே கண்ணாடியை விட்டுவிட்டேன்.

சேலத்தில் 4 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை, அதாவது கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் தகட்டை, அளவுக்கு வெட்டி வாங்கினோம். எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை. காரில் மடிமேல் வைத்துக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்தோம்.

முதல் ஷீட் வீணானது எங்கள் தப்பால்தான். சட்டத்தில் இடைவெளியே விடாமல், நான்கு மூலையிலும் ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டோம். மார்கழியில் ஒரு விடியற்காலை 'டப்' என்று சத்தம். ஸ்குரூ ஓட்டையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். வெயிலுக்கு விரிவதும் குளிருக்குச் சுருங்குவதும் அக்ரிலிக்கில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு அதிகம். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி வித்தியாசத்துக்கு 2 மி.மீ. அளவுக்கு நகரும். அடுத்த ஷீட்டுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. இடம் விட்டு, ஸ்குரூவே இல்லாமல் மரச்சட்டத்தால் மட்டும் பிடித்தோம். அது இன்றுவரை அசையவில்லை. குரங்கு குதித்தால் 'தொம்' என்று அதிரும், அவ்வளவுதான்.

அப்புறம், துடைப்பது. இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன். பெயின்ட் அடிக்க வந்தவர், தெறித்த ஒரு சொட்டைத் தின்னரால் துடைத்தார். பத்து நிமிடத்தில் அந்த இடம் முழுக்க மயிரிழை வெடிப்பு, உள்ளே சிலந்தி வலை பின்னியது போல. அது போகவே போகாது. ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் அமோனியா கலந்த ஸ்பிரே எதுவும் ஆகாது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். உலர்ந்த துணி பட்டாலே கீறல்தான். குரங்கு நகக் கீறல் இப்போது எங்கள் ஜன்னலில் நிறையவே இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது தெரியும். லேசான கீறலை டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்து மங்கச் செய்யலாம்.

மஞ்சளாகிவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். ஆறு வருடமாகியும் ஆகவில்லை. வெயிலில் சீக்கிரம் மஞ்சளாவது, மேற்பூச்சு இல்லாத பாலிகார்பனேட் என்ற இன்னொரு தெளிவான பிளாஸ்டிக். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

அடுப்பு பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் இன்னும் கண்ணாடிதான். அக்ரிலிக் 100 டிகிரியைத் தாண்டினால் இளகும், தீயும் பிடிக்கும். அங்கே வெளிப்பக்கம் கம்பி வலை அடித்திருக்கிறோம்.