ஓர்வியேத்தோ: எந்த வரிசையில் பார்ப்பது?

ரோமிலிருந்து ஒரே நாளில் போய்வர ஏற்ற மலையூர்களில் ஓர்வியேத்தோவுக்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் வருகிறவர்களில் பலர் ஊரைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். பதினொரு மணிவாக்கில் வந்து சேர்ந்ததும் சிறு பேருந்தில் ஏறி நேரே பேராலயத்தின் முன்னால் இறங்கிவிடுகிறார்கள். முகப்பு தென்மேற்கு பார்த்தது. காலை வெயில் அதன் முதுகில் விழுவதால் பொன் மொசைக் மங்கிக் கிடக்கும். அதே முகப்பு மாலை நான்கு மணிக்குமேல் எரிகிற மாதிரி மின்னும். அப்போது இவர்கள் திரும்பும் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

ரயில் நிலையம் பாறையின் அடிவாரத்தில், ஓர்வியேத்தோ ஸ்காலோவில் இருக்கிறது. அதிவேக ஃப்ரெச்சா ரயில்கள் இங்கே பெரும்பாலும் நிற்பதில்லை. ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து ரெஜியொனாலே என்ற வட்டார வண்டியில் ஏறுங்கள், ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். காகிதப் பயணச்சீட்டு என்றால் ஏறுமுன் நடைமேடைப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம், ‘தெரியாது’ என்ற பேச்சு எடுபடாது.

நிலைய வாசலுக்கு எதிரிலேயே மேலே ஏறும் விஞ்ச் ரயில், ஃபுனிகோலாரே. 580 மீட்டர் பாதை, சில நிமிடப் பயணம். 1888-இல் தொடங்கியபோது மேலிருந்த பெட்டியில் தண்ணீர் நிரப்பி, அந்தக் கனத்தால் கீழ்ப்பெட்டியை இழுத்தார்கள். இடையில் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் திரும்ப ஓடத் தொடங்கியது. காரில் வந்தால் கம்போ தெல்லா ஃபியெராவில் நிறுத்திவிட்டு நகரும் படியில் மேலே வந்துவிடலாம். ZTL (அனுமதியில்லாத வாகனங்களுக்குத் தடையுள்ள பகுதி) என்ற பலகையைத் தாண்டி ஊருக்குள் ஓட்டினால் கேமரா படம் பிடிக்கும். அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீடு தேடி வரும்.

மேலே பியாட்சா காஹெனில் இறங்கியதும் பேருந்தை விட்டுவிடுங்கள். சில நிமிட நடையில் சான் பத்ரீட்சியோ கிணறு. பயணத்தின் உச்சம் இதுதான் என்போம், பேராலயம் கோபித்துக்கொண்டாலும் சரி. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபின் போப் ஏழாம் கிளெமெந்த் இங்கே அடைக்கலம் புகுந்தார். முற்றுகை வந்தால் ஊர் தாகத்தில் சாகுமே என்று, கட்டடக் கலைஞர் இளைய அந்தோனியோ த சங்கால்லோவிடம் கிணறு கேட்டார். வேலை முடிந்தது 1537-இல், போப் இறந்தபிறகு. ஆழம் ஏறக்குறைய 53 மீட்டர். ஒன்றையொன்று சந்திக்காத இரண்டு சுழல்படிகள், ஒவ்வொன்றிலும் 248 படி. தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றில் இறங்கி, அடியில் சிறு பாலத்தைக் கடந்து, மற்றதில் ஏறின. எதிரெதிரே முட்டிக்கொள்ள வழியே இல்லை. படிகள் அகலமாகவும் தாழ்வாகவும் இருப்பது கழுதைக் கால்களுக்காக. மனிதக் கால் அடி தவறுவதும் அதனால்தான். ஈரமும் உண்டு, பிடிப்புள்ள காலணி கட்டாயம். லிஃப்ட் கிடையாது. முட்டிவலி உள்ளவர்கள் மேலேயே நின்று எட்டிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு ஆழம் ஏன்? ஊர் உட்கார்ந்திருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய தூஃபோ பாறையில். மழைநீர் அதன் வழியே கசிந்து இறங்கி, அடியிலுள்ள களிமண்ணில்தான் நிற்கும். மிருதுவான கல் என்பதால், ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் காலத்திலிருந்தே வீட்டுக்கடியில் குடைந்திருக்கிறார்கள். இதுவரை 1,200-க்கு மேற்பட்ட குகைகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. புறா வளர்க்கச் சுவர் முழுக்க வெட்டிய மாடங்கள், எண்ணெய்ச் செக்கு எல்லாம் உள்ளே உண்டு. வழிகாட்டியோடுதான் அனுமதி, சுமார் ஒரு மணி நேரம். ஆங்கிலச் சுற்று நாளுக்குச் சில முறைதான். அதனால் அந்த நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். குறுகலான படி ஒன்று வரும், மூடிய இடம் ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

கார்த்தா ஊனிக்கா என்ற கூட்டுச்சீட்டு கிணறு, குகை, பேராலயம், மோரோ கோபுரம், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தது. இரண்டே இடம் பார்க்கிறவர்களுக்கு அது வீண்செலவு.

சாப்பாடு சுமார்தான் என்று சொல்ல முடியாது, நேரம்தான் சிக்கல். சமையலறை பெரும்பாலும் இரண்டரைக்கு மூடிவிடும், இரவு ஏழரையை ஒட்டித்தான் திறக்கும். தடித்த உம்ப்ரிகெல்லி பாஸ்தாவைக் கேளுங்கள். சைவர்கள் கவனிக்க: இந்த ஊர் இருக்கும் உம்பிரியா மாநிலத்தின் கருந்திராஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் காளான்) கலவையில் சில இடங்களில் நெத்திலி மீன் அரைத்துச் சேர்ப்பார்கள், பர்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் குடல்நொதி இருக்கும். ரொட்டியில் உப்பிருக்காது, அது இந்தப் பகுதியின் வழக்கம். ரசீதில் ‘கொபெர்த்தோ’ என்ற இருக்கைக் கட்டணமாக தலைக்குச் சில யூரோ இருந்தால் ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மூன்றரைக்குப் பேராலயம். 1290-இல் தொடங்கிய கட்டடம், கறுப்புப் பசால்ட்டும் வெளிர் திராவெர்த்தினோவும் மாறிமாறிப் பட்டை போடும். முகப்பை வடிவமைத்தவர் லொரென்சோ மைதானி. எல்லாரும் மேலே மொசைக்கைப் பார்க்கிறார்கள், நீங்கள் கீழே தூண்களைப் பாருங்கள். வலது கோடித் தூணில் இறுதித் தீர்ப்பு, பாவிகளைப் பேய்கள் கடிக்கிற செதுக்கலில் பல்வரிசைகூட எண்ணலாம். உள்ளே சான் பிரீட்சியோ சிற்றாலயம். 1447-இல் ஃப்ரா ஆஞ்செலிகோ கூரையில் தொடங்கி விட்டுப்போனதை, 1499 முதல் 1504 வரை லூகா சிஞ்ஞொரெல்லி முடித்தார். போலிக் கிறிஸ்து காட்சியின் இடது கீழ்மூலையில் கறுப்பு உடையில் நிற்கும் இருவர் அந்த ஓவியர்கள்தாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், பிற்பகலில் போங்கள்.

ஓர் இரவு தங்க முடிந்தால் பகல் கூட்டம் வடிந்தபின் முக்கியத் தெருவான கோர்சோ கவூரில் நடக்கலாம். சக்கரப் பெட்டி வேண்டாம், கல் பாவிய தெருவில் சக்கரம் உடையும். மறுநாள் பக்கத்திலுள்ள பழைய குன்றூர் சிவித்தா தி பாஞ்ஞொரேஜியோவுக்குப் பேருந்தில் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். மற்ற நாட்களிலும் வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். அங்கே ஊருக்குள் நுழையவும் கட்டணம் உண்டு, வழி ஒரே ஒரு செங்குத்தான நடைபாலம்தான்.